எடிட்டருக்குள்ளேயே கூட்டிக் கழிக்கும் டேபிள்: ஒரு காசிமேட்டுப் படகுக் கணக்கு

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணே, மாமாவோட ஃபைபர் போட் கணக்கை நான்தான் எழுதுறேன். நோட்டுல இருந்ததை லேப்டாப்புக்கு மாத்திட்டேன். ஈமாக்ஸ்ல ஆர்க் மோடு டேபிளாத்தான் வெச்சிருக்கேன். ஆனா கூட்டல், கழித்தல் எல்லாம் போன்ல போட்டுப் பார்த்து விடையை டைப் பண்றேன். எக்செல் மாதிரி அதுக்குள்ளேயே ஃபார்முலா போட முடியுமா? போட்டா நம்பலாமா?"

போட முடியும் தம்பி. (தெரியாதவர்களுக்கு: ஈமாக்ஸ் என்பது ஓர் எழுத்து எடிட்டர்; ஆர்க் மோடு அதற்குள் குறிப்பும் டேபிளும் எழுதுகிற வசதி.) அது பத்து நிமிட வேலை. நம்பலாமா என்பதற்குத்தான் பதில் நீளம். ஏனென்றால் உங்கள் கணக்கில் தப்பு வந்தால் கெட்டுப்போவது ஃபைல் மட்டும் இல்லை, நாலு பேர் பங்குக் காசு.

முதலில் டேபிளைப் பார்ப்போம். நீங்கள் வைத்திருப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். எண்கள் என் கற்பனை.

| நாள் | விற்பனை | டீசல் | ஐஸ் | மற்றது | மிச்சம் | ஆளுக்கு |
|---+---+---+---+---+---+---|
| திங்கள் | 14200 | 3800 | 600 | 450 | | |
| செவ்வாய் | 9650 | 3600 | 600 | 400 | | |
| புதன் | 21300 | 4100 | 900 | 500 | | |
|---+---+---+---+---+---+---|
| மொத்தம் | | | | | | |

எக்செலில் ஒவ்வொரு கட்டத்துக்கு உள்ளேயும் ஒரு ஃபார்முலா ஒளிந்திருக்கும். இங்கே அப்படி இல்லை. டேபிள் முடிந்ததும் அதை ஒட்டினாற்போல் கீழே ஒரு வரி. அந்த ஒரு வரியில்தான் மொத்த ஃபார்முலாவும். இடையில் வெற்று வரி விடக் கூடாது.

#+டிபிஎல்எஃப்எம்: $6=$2-$3-$4-$5

நான் இங்கே தமிழில் எழுதுகிற பெயர்களை நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். டி, பி, எல், எஃப், எம். டேபிள் ஃபார்முலா என்பதன் சுருக்கம். டாலர் குறி பத்தியைக் குறிக்கும்; இடமிருந்து எண்ணினால் ஆறாவது பத்தி மிச்சம். அட் குறி வரியைக் குறிக்கும். @3$2 என்றால் மூன்றாவது வரி, இரண்டாவது பத்தி, அதாவது செவ்வாய்க்கிழமை விற்பனை 9650. குறுக்குக் கோடுகள் வரிக் கணக்கில் சேராது, தலைப்பு வரி சேரும். எண்ணிப் பார்க்கச் சோம்பலாக இருந்தால் கண்ட்ரோல்-சி அடித்து அதன் பின் வலது நெளிவு அடைப்பை அடியுங்கள். டேபிள் மேலேயே வரி எண், பத்தி எண் எல்லாம் தெரியும். மறுபடி அதையே அடித்தால் மறையும்.

கர்சரை அந்த ஃபார்முலா வரியில் வைத்து கண்ட்ரோல்-சி இரண்டு முறை. திங்களுக்கு 9350, செவ்வாய்க்கு 5050, புதனுக்கு 15800 விழும். பத்தி ஃபார்முலாவை ஒரு தடவை எழுதினால் தலைப்புக் கோட்டுக்குக் கீழே எத்தனை வரி இருந்தாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். எக்செலில் மூலையைப் பிடித்து இழுப்போமே, இழுக்கும்போது ஒரு வரி விட்டுப் போகுமே, அந்தச் சங்கடம் இங்கே கிடையாது.

இப்போது அடி வரியைப் பாருங்கள். மொத்தம் வரிக்கும் அதே பத்தி ஃபார்முலா ஓடியிருக்கும். விற்பனை, டீசல் எல்லாம் அங்கே காலியாக இருப்பதால் 0 வந்திருக்கும். சரி, கூட்டலையும் எழுதுவோம். இரண்டு ஃபார்முலாக்களுக்கு நடுவில் இரண்டு முக்காற்புள்ளி:

#+டிபிஎல்எஃப்எம்: $6=$2-$3-$4-$5::@>$2..@>$5=விசம்(@ஐ..@ஐஐ)

@> என்றால் கடைசி வரி. விசம் என்பது வி, எஸ், யு, எம், கூட்டல். @ஐ என்பதில் வருவது ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ. ரோமன் எண் மாதிரி ஒன்று என்றால் முதல் குறுக்குக் கோடு, இரண்டு என்றால் இரண்டாவது கோடு. "முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் நடுவில் இருப்பதையெல்லாம் கூட்டு" என்று சொல்லிவிட்டோம். இதை @2..@4 என்று எண் போட்டும் எழுதலாம், ஆனால் எழுதாதீர்கள். வியாழக்கிழமை புதிதாக ஒரு வரியைக் கையால் சேர்த்தால் எண் மாறாது, வியாழன் மட்டும் கூட்டலுக்கு வெளியே நிற்கும். ஆர்க் மோடின் சொந்தக் கட்டளையால் நடுவில் வரி சேர்த்தால் அதுவே எண்களை மாற்றிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கணக்கு எழுதுகிறவன் எந்தக் கட்டளையால் சேர்த்தான் என்று யார் பார்த்தது? கோட்டை நம்புங்கள், எண்ணை நம்பாதீர்கள்.

கண்ட்ரோல்-சி இரண்டு முறை அடித்தால் 45150, 11500, 2100, 1350 சரியாக வரும். ஆனால் மொத்தம் வரியில் மிச்சம் என்ற கட்டம் இன்னும் 0 என்றே நிற்கும்! நான் முதன்முதலில் இதைப் பார்த்தபோது அரை மணி நேரம் ஃபார்முலாவை மாற்றி மாற்றி எழுதினேன். ஃபார்முலாவில் குற்றம் இல்லை. ஆர்க் மோடு முதலில் பத்தி ஃபார்முலாக்களை எல்லா வரிகளிலும் ஓட்டிவிடும், அப்புறம்தான் தனிக் கட்ட ஃபார்முலாக்களுக்கு வரும். மிச்சத்தைக் கணக்கிட்ட நேரத்தில் அடி வரியில் விற்பனையே இன்னும் விழவில்லை. இன்னொரு தடவை அடித்தால் 30200 வரும். கண்ட்ரோல்-யு இரண்டு முறை, பிறகு கண்ட்ரோல்-சி, அதன் பின் நட்சத்திரக் குறி என்று அடித்தால் எண்கள் மாறாமல் நிற்கும்வரை அதுவே திரும்பத் திரும்பக் கணக்கிடும். எனக்குப் பிடித்த வழி வேறு. அடி வரியில் மிச்சத்தையும் ஆளுக்கு என்பதையும் கூட்டலாகவே வைத்துவிடுவது, அதாவது @>$2..@>$7. ஒரே தடவையில் சரியாகிவிடும்.

அடுத்து பங்கு. உங்கள் படகில் என்ன பேச்சு என்று எனக்குத் தெரியாது. மிச்சத்தைப் பத்தாக்கி, போட்டுக்கும் வலைக்கும் 4, தொழிலுக்குப் போகிற நாலு பேருக்கும் சேர்த்து 6 என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு எவ்வளவு? மிச்சத்தைப் பத்தால் வகுத்து, ஆறால் பெருக்கி, நாலால் வகுக்க வேண்டும். வாயால் சொல்கிற வரிசையிலேயே எழுதினால் இப்படி வரும்:

$7=$6/10*6/4

எழுதி ஓட்டுங்கள். திங்களுக்கு 1402.5 வர வேண்டிய இடத்தில் 38.958333 வரும். வாரம் முழுக்க 30,200 ரூபாய் மிச்சம், ஆளுக்கு 125 ரூபாய் சொச்சம்! மாமா உங்களை லேப்டாப்போடு சேர்த்துக் கடலில் போடுவார்.

காரணம் இதுதான். ஆர்க் மோடு தானாகக் கணக்குப் போடுவதில்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003-ல் இதை எழுதத் தொடங்கியபோது, ஈமாக்ஸுக்குள் ஏற்கெனவே டேவ் கில்லெஸ்பி எழுதிய கால்க் என்ற பெரிய கணக்குப் பொறி இருந்தது. ஃபார்முலாவை அதன் கையில் கொடுத்து விடையை வாங்கிக்கொள்கிறது ஆர்க் மோடு. அந்தக் கால்க்குக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பெருக்கலுக்கு வகுத்தலைவிட முன்னுரிமை. நாம் பள்ளியில் படித்தது இரண்டும் சமம், இடமிருந்து வலம் போ என்று. கால்க் 10*6 என்பதை முதலில் ஒட்டவைத்து 60 ஆக்கி, மிச்சத்தை அந்த 60-ஆல் வகுத்து, மறுபடி 4-ஆல் வகுக்கிறது. எக்செலில் இருந்து வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது இதில் விழுவார்கள். நான் விழுந்தது வரிக் கணக்கில்: 100-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கு என்று எழுதியிருந்தேன். அது 1800-ஆல் வகுத்துக் கொடுத்தது. வரி குறைவாக வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? இரண்டு மாதம் கவனிக்கவே இல்லை.

பெருக்கலை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள், அல்லது அடைப்புக்குறி போடுங்கள். நான் இரண்டையும் செய்கிறேன்:

#+டிபிஎல்எஃப்எம்: $6=$2-$3-$4-$5::$7=($6*6)/10/4::@>$2..@>$7=விசம்(@ஐ..@ஐஐ)

இப்போது ஆளுக்கு 1402.5, 757.5, 2370. மொத்தம் 4530. கையில் போட்டுப் பாருங்கள்: 30200-ல் ஆறு பங்கு 18120, நாலு பேருக்குப் பிரித்தால் 4530. சரியாக இருக்கிறது.

அம்பது பைசா எதற்கு என்று பத்தி ஃபார்முலாவின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி போட்டு, %.0 என்று எழுதி அதை ஒட்டி ஆங்கிலச் சின்ன எஃப் சேர்த்தால் முழு ரூபாயாகிவிடும். ஆனால் எக்செல் பழக்கத்தில் இருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்செல் தசமத்தை மறைத்துக் காட்டும், உள்ளே வைத்திருக்கும். இது வெறும் எழுத்துக் கோப்பு. கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் மதிப்பு, அதற்குப் பின்னால் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. முழு ரூபாயாக மாற்றினால் அம்பது பைசா போனது போனதுதான். அடுத்த கூட்டல் மாற்றிய எண்ணைத்தான் கூட்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1402.5 ஆகிறது 1402. 757.5 ஆகிறது 758. இரண்டும் அரை ரூபாய்தானே, ஒன்று இறங்கி ஒன்று ஏறுவானேன்? சரிபாதியில் நின்றால் பக்கத்திலிருக்கிற இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம். இந்த வாரம் ஏறியதும் இறங்கியதும் அடிபட்டு மொத்தம் 4530 என்றே வந்துவிட்டது. எல்லா வாரமும் அப்படி வராது. அதனால் அன்றாடப் பங்கை அம்பது பைசாவோடு விட்டுவிட்டு, வாரக் கடைசியில் பட்டுவாடா செய்கிற ஓர் எண்ணை மட்டும் முழுதாக்குங்கள்.

உங்கள் நோட்டிலிருந்து எண்ணை அப்படியே ஏற்றியிருந்தால் காற்புள்ளியோடு 14,200 என்று இருக்கலாம். எடுத்துவிடுங்கள். ஆர்க் மோடு கட்டத்தில் இருப்பதை அடைப்புக்குறிக்குள் போட்டுத்தான் கால்க்கிடம் கொடுக்கும். அடைப்புக்குறிக்குள் 14, காற்புள்ளி, 200 என்று பார்த்தால் கால்க் அதைக் கலப்பெண் என்று எடுத்துக்கொள்ளும். பிளஸ் டூவில் படித்தோமே, மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி, அதேதான். திங்கள் மிச்சம் (-4836, 200) என்று வரும். மீன் விற்றதில் கற்பனைப் பகுதி 200 ரூபாய்! சிரிக்கலாம், ஆனால் விடை விகாரமாக இருப்பதால் தப்பு உடனே தெரிகிறது. ஆபத்து அடுத்த படியில்தான். எண் அல்லாத எதையும் எண்ணாக எடுத்துக்கொள் என்று அரைப்புள்ளிக்குப் பின்னால் ஆங்கிலப் பெரிய என் போடுவது உண்டு. அதைப் போட்டால் 14,200 என்பது சத்தமில்லாமல் 14 ஆகிவிடும். "ரூ 500" என்று எழுதியிருந்தால் 0 ஆகிவிடும். பெட்டியில் எரர் என்று விழுந்தால் நல்லது, தேடிப் போய்த் திருத்தலாம். சத்தமில்லாத 0-தான் ஆளைக் கவிழ்க்கும்.

சந்தேகம் வந்தால் கண்ட்ரோல்-சி அடித்து இடது நெளிவு அடைப்பை அடியுங்கள். அது சோதனை முறை. அடுத்த தடவை கணக்கிடும்போது, எந்த எண்ணை எங்கிருந்து எடுத்தது, கால்க்கிடம் என்ன கொடுத்தது, என்ன விடை வந்தது என்று படிப்படியாக ஒரு ஜன்னலில் காட்டும். மேலே சொன்ன கலப்பெண்ணை நான் கண்டுபிடித்ததே அதில்தான்.

கடலுக்குப் போகாத நாளை எப்படி எழுதுவது என்பதும் உங்களுக்கு முக்கியம். காற்று பலமாக இருந்தால் போக மாட்டீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் பெரிய லாஞ்சுகள் கரையில் நிற்கும். உங்கள் கணக்கிலும் அங்கங்கே பொக்கை விழும். அந்தக் கட்டத்தில் 0 போடாதீர்கள், காலியாக விடுங்கள். சராசரி எடுக்கும் வி-மீன் ஃபார்முலா (மீன் என்றதும் வஞ்சிரத்தை நினைக்க வேண்டாம், வி, எம், இ, ஏ, என்) வரம்பில் இருக்கும் காலிக் கட்டங்களைக் கணக்கில் எடுக்காது. வியாழன் காலியாக இருந்தால் போன மூன்று நாளின் சராசரி விற்பனை 15050. வியாழனுக்கு 0 எழுதியிருந்தால் நாலால் வகுத்து 11287.5. இரண்டும் தப்பில்லை, கேள்விதான் வேறு. ஒன்று போனால் எவ்வளவு கிடைக்கிறது, மற்றது வாரத்தில் நாளுக்கு எவ்வளவு விழுகிறது. ஆனால் மிச்சம் பத்தியில் சராசரி எடுத்தால் இந்த வசதி கிடைக்காது. பத்தி ஃபார்முலா காலி வரியிலும் ஓடி அங்கே 0 எழுதிவிட்டிருக்கும். தனியாக ஒரு காலிக் கட்டத்தைக் கேட்டால் 0, வரம்பாகக் கேட்டால் இல்லவே இல்லை என்று எண்ணுவது இதன் சட்டம்.

நேரக் கணக்கும் போடலாம். என் அக்கா மகன் துறைமுகப் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறான். வந்த நேரம், போன நேரம் எழுதி அரைப்புள்ளிக்குப் பின் ஆங்கிலப் பெரிய யு போட்டால் மணி, நிமிடமாகக் கழித்துத் தரும். நைட் ஷிஃப்ட்டில் மாட்டிக்கொண்டான். 22:00 மணிக்குப் போய் 06:00 மணிக்கு வந்தால் கழித்து மைனஸ் 16 மணி நேரம் என்றது. நாள் மாறியது அதற்குத் தெரியாது. விடியற்காலை ஆறை 30:00 என்று எழுதச் சொன்னேன். 08:00 வந்தது. பார்க்க அசிங்கம்தான், ஆனால் வேலை நடக்கிறது.

தமிழில் எழுதுவதால் வரும் ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஏற்கெனவே பட்டிருப்பீர்கள். செவ்வாய், மொத்தம் என்று எழுதினால் நெடுக்குக் கோடுகள் நேராக நிற்காது, பல் விழுந்த சீப்பு மாதிரி இருக்கும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற கணக்கில் டேபிள் இடம் விடுகிறது, நம் எழுத்துகளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கணக்குக்கு இதனால் எந்தக் கேடும் இல்லை. கோட்டை வைத்துத்தான் கட்டத்தைப் பிரிக்கிறது, இடைவெளியை வைத்து அல்ல. கண்ணை உறுத்தினால் வி-அலைன் என்ற துணை நிரலைப் போட்டுக்கொள்ளுங்கள், திரையில் புள்ளி அளவில் நேராக்கிக் காட்டும். நான் போடவில்லை. தமிழ்ச் சொற்களுள்ள பத்தியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதலில் தேதியை எண்ணாக எழுதுகிறேன். முன்னால் இருக்கிற எண் பத்திகள் எல்லாம் ஒழுங்காக நிற்கும், கடைசி ஒன்று மட்டும் ஆடும்.

ஈமாக்ஸ் வேண்டாம் என்றால் வேறு வழியும் உண்டு. விம் எடிட்டருக்கு டேபிள் மோடு என்ற துணை நிரல் இருக்கிறது, அதிலும் டேபிளுக்குக் கீழே ஒரு ஃபார்முலா வரி. அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் செயலிக்கு அட்வான்ஸ்டு டேபிள்ஸ் என்று ஒன்று, அது இந்த ஆர்க் மோடு இலக்கணத்தையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. இதில் பழகினால் அங்கே கை தடுமாறாது. ஆனால் வருஷம் முழுக்க ஏலச் சீட்டு ஒவ்வொன்றையும் ஏற்றி ஆயிரக்கணக்கில் வரி வைக்கப் போகிறீர்கள் என்றால் எதுவும் வேண்டாம், எக்செல் மாதிரியே இருக்கும் லிப்ரே ஆபீஸுக்குப் போய்விடுங்கள். பெரிய டேபிளில் டேப் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் திணறும். வாரத்துக்கு ஒரு சின்ன டேபிள், அதற்குத் தலையில் ஒரு பெயர், மாதக் கடைசியில் ரிமோட் என்ற ஃபார்முலாவால் நாலு டேபிளின் அடி வரியையும் ஒரு டேபிளுக்கு இழுப்பது. இந்த அளவுக்கு இது அருமையாகப் போகும். பெயரை ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். இதுவாக மறுகணக்குப் போடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். டீசல் எண்ணைத் திருத்திவிட்டு அப்படியே சேமித்தால் பழைய மிச்சம் அப்படியே இருக்கும், கேட்காது, சிவப்புக் காட்டாது. அதனால் பட்டுவாடாவுக்கு முன்னால் ஃபார்முலா வரிக்குப் போய் கண்ட்ரோல்-சி இரண்டு முறை என்பதைக் கைப்பழக்கமாக்குங்கள். அதோடு, வாரத்தில் ஏதாவது ஒரு வரியை நோட்டில் கையால் போட்டு ஒத்துப் பாருங்கள். நான் எப்போதும் மீன் குறைவாகப் பட்ட நாளைத்தான் எடுப்பேன், பாடு மோசமான நாளில் வலையோடு சேர்ந்து கணக்கும் கிழியும்.

எனக்கு இது எக்செலைவிடப் பிடிக்கக் காரணம் அந்த ஒரு வரிதான். போன வருஷம் எனக்குத் தெரிந்த ஒரு படகில் பங்கில் சண்டை. கணக்கு எக்செலில் இருந்தது. ஒவ்வொரு கட்டமாகத் தட்டித் தட்டிப் பார்த்து, நடுவில் ஒரு வரியில் மட்டும் யாரோ ஃபார்முலாவை அழித்துக் கையால் எண் போட்டிருந்ததைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆனது. இங்கே யாராவது கையால் எண்ணை மாற்றினாலும் அடுத்த கண்ட்ரோல்-சியில் ஃபார்முலா அதைத் தூக்கி எறிந்துவிடும். பங்கு எப்படிப் போட்டாய் என்று மாமா கேட்டால் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "விற்பனையில் டீசல், ஐஸ், மற்றது கழித்து, அதில் ஆறு பங்கு, நாலு பேர்" என்று அந்த வரியையே விரல் வைத்துப் படித்துவிடலாம். அந்த 4-ஐ மட்டும் ஒருவர் வராத வாரத்தில் 3 ஆக்க மறக்காதீர்கள்.